பார்வைக்கு வைத்த ஏழு நாட்கள்

விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார் அவர். அவசரம் என்பதே இல்லை. ஒரு தாளில் பத்துப் பெயர்கள். பத்தையும் உதடு அசைய வாசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே பத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதன் பிறகுதான் அடுத்த தாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தேர்தல் பிரிவு ஊழியன் அவருடைய சட்டைப்பையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக்க மாட்டேன் தம்பி, பயப்படாதே" என்றார் அவர். "பாக்கலாம், எழுதக்கூடாது. சட்டம் எனக்கும் தெரியும்."

"அதுக்கில்லீங்க தலைவரே..."

"பாக்கிறதுக்குத்தானே விரிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஆமாங்க."

"அப்ப பாத்துக்கறேன்."

நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மிகுரியா கஸுயேவுக்குத் திறந்த கதவு வழியே எல்லாம் தெரிந்தது. சனிக்கிழமை பிற்பகல். நகராட்சிக் கட்டடம் முழுக்க இருட்டாகக் கிடந்தது, இந்த ஓர் அறையில் மட்டும் விளக்கு. கூரைப் பனி உருகித் தகரக் குழாய் வழியாக இறங்கும் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வலது கணுக்காலை நீட்டி வைத்து, கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். எதற்காக வந்தோம் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பெயர்களைத் தனியே விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியவில்லை.

பதினோராம் தாளில் தலைவர் ஒனோதெராவின் உதடு நின்றது. பன்னிரண்டாம் தாளைப் பார்த்தார். பதின்மூன்றாம் தாளைப் பார்த்தார். திரும்பவும் பதினொன்றுக்கு வந்து, முதல் பெயரில் விரலை வைத்து, மெல்லக் கீழே இழுத்தார். பார்க்கிறவர்களுக்கு ஒரு மனிதர் தெருவில் வீடு வீடாகக் கடந்துபோவது போலத்தான் இருந்தது. பத்தொன்பது வருடமாக காமிமாச்சிப் பகுதிச் சங்கத்துக்குத் தலைவர் அவர். அந்தத் தெருவைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பார்.

வெளியே வந்தவர் கஸுயே முன்னால் நின்று தலை வணங்கினார். அவளும் எழுந்து வணங்கினாள்.

"கால் எப்படி இருக்கு மிகுரியாம்மா?"

"பரவாயில்லீங்க தலைவரே."

"பிப்ரவரியிலதானே வழுக்கி விழுந்தீங்க? பத்தாம் தேதி வாக்குல?"

"ஒன்பதாம் தேதி."

"ம். அந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படித்தான் இருபத்தாறு வீடு ஏறி இறங்கினீங்களோ. அதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு." சிரித்தார். "பாத்துப் போங்க. படியில ஈரம்."

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது. கஸுயே மறுபடியும் உட்கார்ந்துவிட்டாள்.

*

மலைப்பக்கத்து ஊர் அது. குளிர்காலத்தில் ஆறடி பனி. காமிமாச்சியில் ஒரு கிளை நூலகம் இருந்தது. முன்னொரு காலத்தில் பட்டுக்கூடு உலர்த்திய கட்டடம், நடுவில் மண்ணெண்ணெய் அடுப்பு, ஒன்பதாயிரம் புத்தகங்கள். போன நவம்பரில் நகராட்சி ஒரு தாள் அனுப்பியது. கட்டடம் நிலநடுக்கம் தாங்காதாம். இந்த மார்ச் போய் அடுத்த மார்ச்சோடு மூடிவிடுவார்களாம். நெடுஞ்சாலை ஓரத்தில் எழும்பும் வணிகக் கட்டடத்தில் 'வாசிப்பு மூலை' ஒன்று வருமாம். அங்கே போகப் பேருந்து நாளுக்கு மூன்று. சங்கத்தின் பெயரில் ஒனோதெரா அதற்குச் சம்மதம் சொல்லியிருந்தார்.

பதினோரு பேர் கூடி ஒரு குழு அமைத்தார்கள். மூடலாமா வேண்டாமா என்று ஊரையே ஓட்டுப் போட வைக்க வேண்டும் என்பது அவர்கள் கேட்டது. அப்படிக் கேட்கச் சட்டத்தில் வழி இருந்தது. வாக்காளர்களில் ஐம்பதில் ஒருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால் மன்றம் அதை எடுத்துப் பேசியே ஆக வேண்டும். இந்த ஊருக்கு அது நூற்று எண்பது பேர். ஒரு மாதத்தில் இருநூற்று மூன்று பேர் போட்டிருந்தார்கள். அதில் இருபத்தாறு பேர் கஸுயேவின் தெரு.

கஸுயேவுக்கு அறுபத்திரண்டு வயது. இருபத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் மதிய உணவுச் சமையலில் இருந்தவள். முந்நூறு பிள்ளைகளுக்கு சூப் கிண்டிய கை இன்னும் தடிமனாகவே இருந்தது. எந்தப் பிள்ளை காரட்டைத் தட்டுக்கு அடியில் ஒளிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு இப்போது சனிக்கிழமைதோறும் நூலகத்தில் பட அட்டைக் கதை சொல்கிறாள். மரச் சட்டத்தில் படங்களைச் செருகி, ஒன்றை உருவி அடுத்ததைக் காட்ட வேண்டும். பேய் வரும் இடத்தில் அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். பாத்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வந்த தொண்டை அது.

கையெழுத்து வாங்குகிறவர்களுக்குக் குழுவில் ஒரு நாள் பாடம் எடுத்தார்கள். ஆளை நேரில் பார்த்து, என்ன ஏது என்று சொல்லி, அவர் கையால் எழுதி வாங்க வேண்டும். யாரிடமும் கொடுத்தனுப்பக் கூடாது. கஸுயே தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரமே தபால்பெட்டிக்கு எதிரே பனிக்கட்டியில் விழுந்தாள். மருத்துவர் மூன்று வாரம் நடக்கக்கூடாது என்றார். ஒரு மாதக் கெடுவில் மூன்று வாரம்.

அந்த வருடம் அவளுடைய முறை. தெருவில் ஒவ்வொரு வீடும் ஒரு வருடம் சுற்றுப் பலகையைப் பார்த்துக்கொள்ளும். சங்கத்து அறிவிப்புகளைக் கவ்விய பலகை அது. வாசித்துவிட்டு, தன் வீட்டுக் கட்டத்தில் முத்திரை குத்தி, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வர வேண்டும். செருப்பு அலமாரி மேல் எல்லா வீட்டிலும் ஒரு முத்திரைக்கட்டை இதற்கென்றே கிடக்கும். பலகை வந்தால் கை தானாக முத்திரையைத் தேடும்.

கஸுயே முதல் வரியில் தன் பெயர், முகவரி, பிறந்த தேதி எழுதி முத்திரை குத்தினாள். அடியில் இரண்டு வெற்றுத் தாள் சேர்த்துப் பலகையில் வைத்தாள். மேலே ஒரு துண்டுச் சீட்டில் 'நூலகத்துக்காக. தயவுசெய்து வாசித்துப் பார்க்கவும்' என்று எழுதினாள். எல்லாம் தெரிந்த வீடுகள்தானே என்று நினைத்துக்கொண்டாள். எட்டு நாளில் பலகை சுற்றித் திரும்பி வந்தது. இருபத்தாறு வீட்டில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. துண்டுச் சீட்டு மட்டும் வழியில் எங்கோ விழுந்துபோயிருந்தது.

அப்போது அவள் அடைந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருந்தது. இருபத்தாறு வீடும் ஒரே மனதாக ஒரு காரியத்துக்கு ஒப்புக்கொண்ட தெரு இந்த உலகத்தில் எங்கே இருக்கிறது?

கையெழுத்துகள் ஏழு நாள் ஊர் பார்வைக்கு வைக்கப்படும் என்று அவளிடம் ஏப்ரலில்தான் சொன்னார்கள். தன் பெயரை வேறு யாராவது எழுதியிருந்தால் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். யார் வேண்டுமானாலும் வரலாம்.

*

ஞாயிறும் திங்களும் ஒனோதெரா நகராட்சிக்குப் போனதை அவள் பார்க்கவில்லை. தெருவில் அவர் நடந்து போவதைத்தான் பார்த்தாள். கையில் ஒரு கூடை. பனி விலகிய இடத்தில் முதலில் தலைநீட்டும் ஃபுகி மொட்டுகள் அதில் இருக்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் பறித்து நாலு வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம்தான். இந்த வருடம் நாலு வீட்டோடு நிற்கவில்லை. மேல்கோடியில் ஆரம்பித்து ஒவ்வொரு வாசலிலும் நின்றார். சன்னல் திரைக்குப் பின்னால் நின்று கஸுயே எண்ணினாள். தாளில் பெயர்கள் எந்த வரிசையோ அந்த வரிசை.

செவ்வாய் காலை பக்கத்து வீட்டு ஹருயே பின்வாசல் வழியாக வந்தாள். கிண்ணத்தில் பச்சை மொட்டுகள்.

"தலைவர் கொடுத்தாருக்கா. நிறைய இருக்கு. பாதி உங்களுக்கு."

"உள்ள வா."

"இல்ல, அடுப்புல வேலை இருக்கு." ஆனால் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா. அதுதான் பயமா இருக்கு. 'உன் கையெழுத்து அழகா இருக்கும்மா ஹருயே'ன்னாரு. டீ குடிச்சாரு. பையன் எப்படி இருக்கான்னு கேட்டாரு. வண்டிக்கு டயர் மாத்தியாச்சான்னு கேட்டாரு. அடுத்த குளிர்காலம் இந்தப் பக்கம் பனி அள்ற வேலைய யாருக்குக் கொடுக்கறதுன்னு நகராட்சியில இன்னும் முடிவாகலன்னாரு. டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனாரு."

"கழுவி வெச்சாரா?"

"கழுவி, கவுத்து வெச்சாரு."

ஹருயேவின் மகன் இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் அந்தப் பனி அள்ளும் வண்டியை வாங்கியிருந்தான். நகராட்சி வேலையை நம்பி வாங்கியது. வேறு யாருக்கு அள்ளுவது?

"நீ வாசிச்சுத்தானே முத்திரை குத்தினே?" என்றாள் கஸுயே. பதில் தெரிந்தே கேட்டாள்.

"சுற்றுப் பலகைய யாருக்கா வாசிக்கிறா? அடுப்புல மீன் கருகிட்டிருந்தது. உங்க பேரு மேல இருந்தது, அதுக்குக் கீழ என் பேரை எழுதினேன். சாக்கடை சுத்தம் பண்ற நாளுக்குன்னு நெனச்சேன்."

"சாக்கடை சுத்தம் பண்றதுக்குப் பிறந்த தேதி எதுக்குடி கேப்பாங்க?"

"இன்ஷூரன்ஸுக்குன்னு நெனச்சேன். போன வருஷம் இஸாவா மாமா சாக்கடையில விழுந்தாரில்ல?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கஸுயே மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஹருயேதான் முதலில் நிறுத்தினாள்.

"உன் பேரை மட்டும் எடுக்கச் சொல்லி நீ எழுதிக் கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு" என்றாள் கஸுயே.

"காரணம் கேப்பாங்கல்ல? பலகையில வந்ததுன்னு நான் சொல்லணும். சொன்னா இருபத்தஞ்சு வீடும் சேந்து போகும். காட்டிக்கொடுத்தவ நானா? இந்தத் தெருவுலதான் நான் சாகணும்." கிண்ணத்தில் ஒரு மொட்டை எடுத்து அதன் இதழைக் கிள்ளினாள். "தலைவருக்குத் தெரியும்க்கா. தாளைப் பாத்ததும் தெரிஞ்சிருக்கும். பேரெல்லாம் வீட்டு வரிசையில இருக்குதே. அவரே போய்ச் சொல்ல மாட்டாரு. யாராவது ஒருத்தர் நாமளா வந்து சொல்லணும்னு காத்துட்டிருக்காரு."

"நான் சொல்லணும்ங்கிறே."

"நான் ஒண்ணும் சொல்லல." கிண்ணத்தை வைத்தாள். "எத்தனை பேர் வேணும்?"

"நூத்தி எண்பது."

"நம்ம தெரு போனா?"

"நூத்தி எழுபத்தேழு."

ஹருயே வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பொடியா நறுக்கி மிசோ விழுதுல வதக்குங்கக்கா. இல்லேன்னா கசக்கும்."

*

புதன்கிழமை கஸுயே சோயாக் கட்டி வாங்கப் போனபோது கடை சன்னலில் நூலகத்தின் நோட்டீசைக் காணவில்லை. வசந்தகால நிகழ்ச்சிகளுக்காக அவள்தான் ஒட்டியது. சனிக்கிழமை பட அட்டைக் கதை, இரண்டாவது வியாழன் பொம்மை வைத்தியம், மாதக் கடைசியில் செரி மரங்களைப் பற்றி ஒருவர் பேசுகிறார். கடைக்காரி அதை நாலாக மடித்து வைத்திருந்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கண்ணாடி துடைக்கணும், அதான்."

"துடைச்சுட்டு ஒட்டலாமே."

"ஆமா, ஒட்டலாம்" என்றாள் அவள். ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

முடிதிருத்தும் கடையிலும் இல்லை. மருத்துவமனை வாசலில் நாலு மூலையில் ஒட்டுநாடாவின் தழும்பு மட்டும் இருந்தது.

நூலகத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் நின்று பட அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. ஒனோதெராவின் குரல். அவர் இங்கே வந்து எத்தனை வருடம் ஆயிற்றோ.

"நல்ல சூடா இருக்கே" என்றார்.

"வாங்க தலைவரே" என்றாள் மிஸுஹோ. நாற்பது வயது, கண்ணாடி போட்டவள். ஒரு வருட ஒப்பந்தத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் நூலகர்.

"மிகுரியாம்மா அடிக்கடி வருவாங்க போல. என்ன மாதிரிப் புத்தகம் படிப்பாங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேட்டாலும் முடியாதுங்க. உங்களைப் பத்தி அவங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

"நான் ஒண்ணும் எடுக்கறதில்லையே, சொல்றதுக்கு." சிரித்தார். "நல்ல பழக்கம்மா. மார்ச்லதான் ஒப்பந்தம் புதுப்பிச்சாங்களோ?"

"ஆமாங்க."

"அடுத்த மார்ச் வரைக்கும்."

"ஆமாங்க."

"ரொம்ப தூரமில்ல" என்றார். அடுப்பில் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு போனார்.

கஸுயே அலமாரிக்குப் பின்னாலேயே நின்றாள். அந்த இடத்தில் அவள் நிற்பது முதல் தடவையல்ல. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலம் முழுக்க அந்த அலமாரியின் முன்னால் வந்து நின்றிருக்கிறாள். கணவன் மொரியோ லாரி ஓட்டினான். வீட்டில் இருக்கும் நாட்களில் கையை ஓங்குவான். விவாகரத்துச் சட்டம் பற்றிய புத்தகங்கள் மூன்று இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போனாள். அப்போது இருந்த நூலகர் ஒரு வயதான மனிதர். அட்டையைக் கீழே கவிழ்த்து வைத்துத்தான் தேதி குத்துவார். பின்னால் வரிசையில் நின்ற சங்கத்துப் பெண்கள் யாரும் தலைப்பைப் பார்க்க முடியாது. அவர் கஸுயேவின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவளுக்காகத்தான் அப்படிச் செய்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். பிறகு கவனித்தால் எல்லோருடைய புத்தகத்தையும் அப்படித்தான் கவிழ்த்தார். சமையல் புத்தகமானாலும் சரி, மீன் பிடிக்கிற புத்தகமானாலும் சரி.

அவள் மொரியோவை விட்டுப் போகவில்லை. ஆனால் போவதற்கு வழி தெரியும் என்றான பிறகு வீடு வேறு மாதிரி ஆயிற்று. அவனுக்கும் அது எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது வருடம் கழித்து அவன் செத்தபோது கை ஓங்குவதை மறந்தே போயிருந்தான்.

மிஸுஹோவும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துத்தான் தேதி குத்துவாள்.

இந்த ஊரில் ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்று அடுத்தவர் பார்க்காத இடம் இது ஒன்றுதான். அதைக் காப்பாற்றக் கிளம்பி, இருபத்தாறு வீட்டுப் பெயர்களை அவள் மேசைமேல் மல்லாக்க விரித்து வைத்திருக்கிறாள்.

*

வியாழக்கிழமை பொம்மை வைத்தியம். இஸாவா வானொலிப் பெட்டி பழுதுபார்த்தவர், எழுபத்தைந்து வயது. மேசையில் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, கால் ஒடிந்த ரயிலையும் குரைக்காத நாயையும் சரிசெய்து கொடுப்பார். அன்று மேசையில் ஒரே ஒரு பொம்மை. போன மாதமே யாரோ விட்டுப்போன கரடி.

"என்ன டாக்டர், நோயாளியே இல்லை?" என்றாள் கஸுயே.

"எல்லாருக்கும் குணமாயிடுச்சு போல" என்றார் அவர். "கையில கூடையோட ஒருத்தர் ஊர் பூரா வைத்தியம் பாக்கறாரே."

அவள் எதிரே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்ல அதிகம் இல்லை. அவர் கரடியின் முதுகைப் பிரித்து உள்ளே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என் பேரும் போயிடுமா?"

"பலகையில வந்ததெல்லாம் போயிடும்."

"நான் வாசிச்சுத்தான் போட்டேன். கண்ணாடி மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை வாசிச்சேன்."

"தெரியும்."

"உன் சீட்டு எங்க வீட்டுக்கு வந்தப்போ இருந்தது. நான்தான் அதுல ஈரச் செருப்பை வெச்சு நனைச்சுட்டேன். கிழிஞ்சு போச்சு. சொல்லலாம்னு நெனச்சு மறந்தேன்."

கஸுயே அவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. திருப்புளி சின்னதாகச் சுற்றியது.

"பலகை சுத்துறதுல என் வீடு எத்தனாவது?"

"மூணாவது வீடு."

"எனக்கப்புறம் இருபத்து மூணு வீடு" என்றார். கரடியைத் திருப்பி வைத்து, "அந்த மூணு பேரை வேற எங்கேயாவது தேடக் கூடாதா?"

"கெடு மார்ச் ஆரம்பத்துலயே முடிஞ்சு போச்சு."

"சும்மா இருந்தா?"

"தலைவர் ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போவாரு. ஹருயேதான் முதல்ல."

கரடி திடீரென்று ஒருமுறை உறுமியது. இருவரும் திடுக்கிட்டார்கள். இஸாவா அதன் முதுகை மூடினார்.

"நீ செய்யறதைச் செய். ஆனா சரியான்னு என்கிட்ட கேக்காதே" என்றார். "சரின்னு நான் சொல்ல மாட்டேன்."

*

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு கஸுயே நகராட்சிப் படியேறினாள். ஐந்து மணியோடு பார்வை நேரம் முடிகிறது. நடைவழி பெஞ்சில் ஒனோதெரா உட்கார்ந்திருந்தார். அன்று அவள் உட்கார்ந்திருந்த அதே இடம். பக்கத்தில் ஹருயே. முழங்கால்கள் ஒட்டி, கைப்பையை மடியில் பிடித்தபடி, கோயிலுக்குப் போகிற கறுப்புச் சட்டை போட்டிருந்தாள்.

ஹருயே அவளைப் பார்த்தாள். உடனே தரையைப் பார்த்தாள்.

"வாங்க மிகுரியாம்மா" என்றார் ஒனோதெரா. "நாங்க ஒண்ணும் அவசரமா வரல. சும்மா உட்காந்து பேசிட்டிருக்கோம்."

"நல்லது தலைவரே. நான் முதல்ல போயிட்டு வந்துடறேன்."

"தாராளமா."

உள்ளே ஊழியன் எழுந்து நின்றான். அவள் ஒரு ஆட்சேபணைப் படிவம் கேட்டாள்.

"யாரோட கையெழுத்து மேலங்க?"

"பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணாம் தாள்."

அவன் புரட்டினான். தாளின் அடியில் கையெழுத்து வாங்கியவர் பெயரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இது நீங்கதானே வாங்கினது?"

"ஆமா."

"உங்க மேல நீங்களே ஆட்சேபணை பண்றீங்களா?"

"அப்படி ஒரு படிவம் இல்லையா?"

"இல்ல... படிவம் எல்லாம் ஒண்ணுதான்." அவன் அலமாரியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தான், வைத்தான். "அவங்கவங்க கையாலதான் எழுதியிருக்காங்க. முத்திரையும் வேற வேற. நாங்க சரிபாத்தாச்சு. நீங்க சும்மா இருந்தீங்கன்னா..."

போன சனிக்கிழமைகளில் அவனுடைய மகள் முன்வரிசையில் உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறாள். பேய் வரும்போது கண்ணைப் பொத்திக்கொள்ளும் பெண்.

"நான் யார் வீட்டுக்கும் போகல" என்றாள் கஸுயே. நடைவழிக்குக் கேட்கும்படி, கதை சொல்லும் குரலில் சொன்னாள். "சுற்றுப் பலகையில வெச்சு அனுப்பினேன். யாரும் தெரிஞ்சு போடல. யாரையும் கேக்க வேண்டாம். எழுதிக்குங்க."

யாரும் தெரிஞ்சு போடல என்று சொல்லும்போது இஸாவாவின் கண்ணாடி நினைவுக்கு வந்தது. திருத்திச் சொல்லவில்லை.

படிவத்தை நிரப்ப இருபது நிமிடம் ஆயிற்று. கைப்பையிலிருந்து முத்திரைக்கட்டையை எடுத்து மையில் ஒற்றிக் குத்தினாள். கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. ஊழியன் அதை இரண்டு தடவை வாசித்து, ஒரு தாளில் கழித்துப் பார்த்தான்.

"தேர்தல் குழு முறைப்படி கூடித்தான் முடிவு சொல்லும்" என்றான். பிறகு தணிந்த குரலில், "மூணு பேர் குறையுதுங்க" என்றான்.

"தெரியும் தம்பி."

வெளியே வந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது. தகரக் குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஒனோதெராவின் காரில் ஹருயே பின் இருக்கையில் ஏறுவது தெரிந்தது. தலைவர் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

*

மறுநாள் சனிக்கிழமை. காலையில் லேசாக மழை பெய்து ஒன்பது மணிக்கு விட்டது. ஒன்பதரைக்கு நூலகத்துக்கு இரண்டு பேர் வந்து சுவரை அளந்தார்கள், சன்னலை அளந்தார்கள், அடுப்பைப் படம் எடுத்தார்கள். மிஸுஹோ அவர்களுக்கு டீ கொடுத்தாள். பத்து மணிக்குப் பட அட்டைக் கதை. போன வாரம் பதினான்கு பிள்ளைகள் வந்திருந்தார்கள், இன்று மூன்று பேர். தேர்தல் பிரிவு ஊழியனின் மகள் வரவில்லை. கஸுயே பேய் வரும் இடத்தில் வழக்கம்போல் சத்தம் போட்டாள். அளந்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பத்து ஐம்பதுக்குக் கதை முடிந்தது. இஸாவா கரடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மதியம் அவள் ஃபுகி மொட்டுகளை நறுக்கி மிசோவில் வதக்கினாள். மூன்று மணிக்குச் சன்னல் வழியே ஹருயே வருவது தெரிந்தது. ஏப்ரலிலிருந்து பலகை அவளுடைய முறை, அவள் வீட்டிலிருந்துதான் கிளம்பும், அடுத்தது கஸுயேவின் வீடு. கஸுயே போய்ச் செருப்பு அலமாரி மேலிருந்த முத்திரையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றாள். ஹருயே பலகையை மார்போடு அணைத்துப் பிடித்து, வாசலைத் தாண்டி, மூன்றாவது வீட்டுக்குப் போனாள். அங்கே அதை வைத்துவிட்டு, தெருவின் அந்தப் பக்கமாகவே திரும்பிப் போனாள்.

நாலரைக்கு மறுபடியும் மழை பிடித்தது.